இடைநிரப்பி

தமக்கு விருது கொடுக்க வந்திருந்த அத்தனை பேரும் முகமில்லாமல் உட்கார்ந்திருந்ததைக் கண்டபோதுதான் ஹர்ஷவர்தனுக்குக் கம்பியின்மேல் சந்தேகம் வந்தது.

அது ஒத்திகைதான். கொங்கு நீரேற்று இயந்திர உற்பத்தியாளர் பேரவை அவருக்கு 'நீர்த்திலகம்' என்ற விருதை வழங்கவிருந்தது. பேரவையின் தலைவர் ஹர்ஷவர்தன். விருதுக் குழுவின் தலைவரும் ஹர்ஷவர்தன். ஆகவே தேர்வில் பெரிய கருத்து வேறுபாடு எழவில்லை. விழாவைப் பீளமேட்டில் அவர் வீட்டு எதிரறையிலேயே நடத்துவதென்று முடிவாகி, அந்த ஞாயிற்றுக்கிழமை காலை விருந்தினர்கள் அவரவர் ஊரிலிருந்தபடியே வந்து அமர்ந்து பார்த்தார்கள். பட்டுச் சட்டைகள் தெளிவாக வந்தன. தோளில் துண்டுகள் வந்தன. கழுத்துக்கு மேலே மட்டும் சாம்பல் பூசணிக்காய்கள். கைதட்டுகிறவர் யார் என்று தெரியாத கைதட்டலால் என்ன பயன்?

எதிரறை இல்லாத வீட்டுக்கு இப்போதெல்லாம் யாரும் பெண் கொடுப்பதில்லை. காலியான ஓர் அறை, நான்கு சுவரிலும் ஒளிவீசிகள், நடுவில் ஒரு நாற்காலி. உட்கார்ந்தால், உலகத்தின் எந்த மூலையில் இருப்பவரும் எதிரே முழு உருவமாக வந்து உட்காருவார்; அவர் மூக்கின் மேலிருக்கும் மருவைக்கூட எண்ணலாம். அதற்கு வெள்ளம்போல் தகவல் வர வேண்டும். காற்றலை ஏற்கெனவே காந்திபுரம் பேருந்து நிலையம்போல நெரிந்து கிடந்ததால், வீட்டுக்குள் எல்லாம் கம்பியில்தான் ஓட வேண்டும் என்று அரசாங்கம் சட்டம் போட்டது. கம்பியில்லாக் காலம் வந்துவிட்டதென்று சுவரைப் பூசி மெழுகியவர்கள் எல்லோரும் மறுபடி சுவரைக் கொத்தினார்கள். விஞ்ஞானம் முன்னேறியதில் கொத்தனார்கள் நன்றாக இருந்தார்கள்.

கம்பியிலும் தகவல் சில சமயம் கண்ணிமைக்கும் நேரம் தடுக்கும். தடுத்தால் எதிரே இருப்பவரின் முகம் உடைந்த அப்பளம்போல நொறுங்கும். இதற்கு மருந்தாக வந்ததுதான் இடைநிரப்பி. ஒருவர் எப்படிப் பேசுவார், எதற்குச் சிரிப்பார், எப்போது காதைச் சொறிவார் என்பதையெல்லாம் அது உடனிருந்து படித்துக்கொள்ளும். தவறிப்போன அந்த இமைப்பொழுதைத் தானே தைத்து நிரப்பிவிடும். முதலில் அரை இமை. பிறகு ஒரு சொல். பிறகு ஒரு வாக்கியம். 'கம்பி அறுந்தாலும் உறவு அறாது' என்று நிறுவனம் விளம்பரம் செய்தது. எது தையல், எது துணி என்று யாருக்கும் தெரியவில்லை. சாப்பிட்டாயா, என்ன குழம்பு, அங்கே மழையா, உடம்பைப் பார்த்துக்கொள் என்பதற்கு இயந்திரம்கூட வேண்டாம், பழகிய கிளி போதும்.

ஆனால் பழகாதவர்களை இடைநிரப்பியால் தைக்க முடியாது. அதனால்தான் பூசணிக்காய்கள்.

கோளாறு தம் வீட்டில் என்பதை ஹர்ஷவர்தன் ஒப்புக்கொள்ளவில்லை. கோளாறு விருந்தினர்களின் வீட்டில் என்றார். அதற்கு அவரிடம் ஆதாரம் இருந்தது. ஞாயிறுதோறும் மொம்பாசாவிலிருந்து வரும் தம் மகள் யாழ்மொழி இதே அறையில் கண்ணாடிபோல வருகிறாளே, கம்பி கெட்டிருந்தால் எப்படி வருவாள் என்று மனைவி மிதுலாவைக் கேட்டார். மிதுலாவுக்குக் கொஞ்ச நாளாகவே வேறொரு யோசனை இருந்தது: எந்த வாரம் பார்த்தாலும் யாழு ஒரே கம்மலைப் போட்டிருந்தாள்.

மகள் அவ்வளவு இதமாகப் பேசுவதே அந்த வீட்டில் புதிய செய்தி. யாழ்மொழியும் பம்பு இன்ஜினீயர்தான். அப்பாவின் கம்பெனியை விட்டுவிட்டுக் கடல்நீரைக் குடிநீராக்கும் வேலைக்காக மொம்பாசா போனவள், அங்கே வெள்ளத்தில் பெற்றோரை இழந்த ஒரு குழந்தையைத் தத்தெடுக்கப் போவதாகப் போன சித்திரையில் சொன்னாள். 'யாரு பெத்ததோ, என்ன கொலமோ' என்று ஹர்ஷவர்தன் சொன்னார். அவள் வாய் திறப்பதற்குள் நாற்காலிக் கைப்பிடியில் இருந்த துண்டிப்புப் பொத்தானை அழுத்தினார். அடுத்த வாரமும் அவள் பேச்சை எடுத்தாள். அடுத்த வாரமும் பொத்தான். வைகாசி, ஆனி, ஆடி என்று இப்படியே போனது. மிதுலா மகளிடம் நாலு வார்த்தை முழுசாகப் பேசிய ஞாயிறு கிடையாது.

பிறகு ஆயுத பூஜை வந்தது. அதோடு எல்லாம் மாறிவிட்டது. யாழு குழந்தைப் பேச்சையே எடுக்கவில்லை. சிரித்தாள். அப்பாவின் விருது பற்றி ஆசையாகக் கேட்டாள். பெரியவர்கள் பொறுமையாக இருந்தால் பிள்ளைகள் வழிக்கு வந்துவிடுவார்கள் என்று ஹர்ஷவர்தன் பேரவைக் கூட்டத்தில் இதையே உதாரணமாகச் சொன்னார். துண்டிப்புப் பொத்தான் பொறுமையின் சின்னம் என்பது அன்றுதான் பேரவைக்குத் தெரிந்தது.

ஒத்திகை கலைந்ததும் அவர் நிறுவனத்தின் உதவிக்குரலை அழைத்தார். எல்லாவற்றையும் ஒருமுறை அணைத்துவிட்டுப் போடச் சொன்னது அது. இயந்திரங்களின் எல்லா வியாதிக்கும் மனித குலம் இதுவரை கண்டுபிடித்த ஒரே வைத்தியம். போட்டார்கள். பூசணிக்காய் பூசணிக்காயாகவே இருந்தது. கம்பி பழசாக இருக்கலாம் என்றது குரல். தாம் வாங்கிய கம்பியின் தரம் பற்றியும், அதிலிருந்து கிளைத்துத் தம் வாழ்க்கை பற்றியும் ஹர்ஷவர்தன் கொஞ்ச நேரம் பேசினார். குரல் கேட்டுக்கொண்டது. சம்பளம் வாங்காதவர்களுக்கு உள்ள பொறுமை அது.

பிறகு அது ஒரு நல்ல வழி சொன்னது. தெருவிலிருந்து வரும் கம்பி வீட்டின் வழியனில் முடிகிறது. வழியன்தான் வீட்டுக்குள் யாருக்கு எவ்வளவு என்று பிரித்துக் கொடுக்கும் பெட்டி. அங்கிருந்து இன்னொரு கம்பி எதிரறைக்குப் போகிறது. இரண்டு இடத்திலும் வேகமானியைத் தனித்தனியே செருகிப் பார்த்தால், கோளாறு வெளியிலா உள்ளேயா என்று தெரிந்துவிடும்.

வழியன் எதிரறை வாசலுக்கு நேரே ஒரு மேசைக்கு அடியில் இருந்தது. ஹர்ஷவர்தன் குனிந்து பல காலமாகிவிட்டது. மாலை வாங்குகிறபோதுகூட போடுகிறவர்தான் எக்குவார். ஆகவே மிதுலா வேகமானியோடு மேசைக்கடியில் போனாள். தெருப் பக்கம் செருகியதும் முள் கடைசிக் கோடு வரை ஓடியது.

"இங்க ரொம்பிக் கெடக்குதுங்க," என்றாள் உள்ளிருந்து. மறுபக்கம் மாற்றிச் செருகினாள். முள் எழுந்திருக்கவே இல்லை. "இந்தப் பக்கம் சொட்டுச் சொட்டாத்தான் வருது. கோளாறு நம்மூட்டுக்குள்ளதானுங்க."

"நல்லாப் பாரு புள்ள."

"வந்து நீங்க பாருங்க."

அவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு குனிந்தார். எதிரறைக் கம்பியின் முனையை வழியனிலிருந்து பிடுங்கினார். அது இலேசில் வரவில்லை. வந்தபோது மஞ்சளாகப் பொடி உதிர்ந்தது. பொடி மணத்தது.

"சந்தனமுங்க," என்றாள் மிதுலா.

இரண்டு பேரும் மேசைக்கடியில் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

ஆயுத பூஜையன்று வீட்டு இயந்திரங்களுக்குச் சந்தனம் குங்குமம் வைக்கும் உரிமையை ஹர்ஷவர்தன் யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை. கார், கிரைண்டர், தரை துடைக்கும் பொறி என்று வரிசையாக வைத்துக்கொண்டு வந்தவர் வழியன் முன்னால் நின்றார். இதற்கு நெற்றி எது? மேலே சும்மா ஒரு பொட்டு வைத்தால் போதும் என்று மிதுலா சொன்னாள். அவர் ஒப்பவில்லை. ஒரு பொருளுக்கு உயிர் எந்த வழியாகப் போகிறதோ அதுதான் அதன் நெற்றி, பம்புக்கு நீர் போகும் வாய், இதற்குக் கம்பி போகும் துளை என்று விளக்கினார். அவருடைய விளக்கங்களுக்கு மறுப்பு சொன்னால் இன்னொரு விளக்கம் வரும் என்பதால் மிதுலா விட்டுவிட்டாள். பன்னீரில் குழைத்த சந்தனத்தை மூன்று விரலால் அள்ளித் துளையிலேயே வைத்தார். அது கம்பி முனையைச் சுற்றி உள்ளே வழிந்து காய்ந்தது. கம்பிக்குள் எட்டு இழைகள். அவற்றில் பாதிக்குமேல் சந்தனத்தில் மூச்சடைத்துப் போயின. வழியன் புகார் சொல்லவில்லை. எட்டு இழையில் பேச முடியாவிட்டால் மிச்சமிருக்கிற இழையில் மெதுவாகப் பேச அது சம்மதித்துவிடும். நீண்டகாலம் குடித்தனம் செய்தவர்கள் எல்லோரும் அப்படித்தான்.

"கோளாறு கண்டறியப்பட்டதற்கு வாழ்த்துகள்," என்றது உதவிக்குரல். "ஆயுத பூஜை நாளிலிருந்து உங்கள் எதிரறை உரையாடல்களின் பெரும்பகுதி, இரு திசையிலும், இடைநிரப்பியின் சேவையால் தடையின்றி நடைபெற்றுள்ளது. எங்கள் சேவைக்கு மதிப்பெண் வழங்க விரும்புகிறீர்களா?"

ஹர்ஷவர்தன் மதிப்பெண் வழங்கவில்லை. மேசைக்கடியிலிருந்து வெளியே வந்து தரையிலேயே உட்கார்ந்துகொண்டார். இன்றைய ஒத்திகையை விட்டால், ஆயுத பூஜையிலிருந்து அந்த அறைக்கு வந்தது யாழு ஒருத்திதான்.

தாம் மகளிடம் இத்தனை நாள் என்ன பேசினோம் என்று கேட்டார். தனியுரிமையைக் காக்கும் பொருட்டு உரையாடல்கள் சேமிக்கப்படுவதில்லை என்றது குரல். நான் பேசினது எனக்கே ரகசியமா என்று கேட்டார். ஆம் ஐயா என்றது. எந்த அடிப்படையில் பேசும், அதையாவது சொல் என்றார்.

"அழைப்பு துண்டிக்கப்படாமல் இருக்க வேண்டும் என்பதே இடைநிரப்பியின் ஒரே நோக்கம் ஐயா. எந்தச் சொல்லுக்குப் பிறகு நீங்கள் துண்டிக்கிறீர்களோ, அந்தச் சொல் உங்களை வந்தடையாமல் அது பார்த்துக்கொள்ளும். எதிர்முனையில் இருப்பவர் உங்களிடமிருந்து எந்தச் சொல்லைக் கேட்டால் துண்டிக்க மாட்டாரோ, அந்தச் சொல்லை உங்கள் குரலில் வழங்கும்."

மிதுலாவுக்கு இதை இரண்டாவது முறை சொல்ல வேண்டியிருக்கவில்லை. "அப்ப அவ கொழந்தயப் பத்திச் சொல்லீட்டேதான் இருந்திருக்காளுங்க," என்றாள். "நமக்குத்தான் வந்து சேரல."

உறவின் ரகசியம் பொறுமை என்று அவர் பேரவையில் பேசியதெல்லாம் சந்தனம் பேசியது. மகள் சிரித்த சிரிப்பு ஒரு நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவை. பதினொரு மணிக்கு அவள் வருவாள். கம்பியைத் துடைத்தால் பழைய யாழு வருவாள், பழைய பேச்சு வரும், கைப்பிடியில் பழைய பொத்தான் இருக்கிறது. இந்த முறை அறுந்தால் அறுந்ததுதான் என்று அவருக்குத் தெரிந்தது.

தொண்டையைச் செருமிக்கொண்டு, தீர்மானம் முன்மொழிகிற குரலில் தொடங்கினார். துடைப்பதற்கு இப்போது என்ன அவசரம்? விழாவை வேண்டுமானால் வெளியே ஒரு மண்டபத்தில் வைத்துக்கொள்ளலாம். அவினாசி ரோட்டில் நல்ல மண்டபங்கள் இருக்கின்றன. ஏன், விழாவே இந்த வருடம் வேண்டாம் என்றாலும் தமக்கு ஆட்சேபம் இல்லை.

மிதுலா அவரைப் பார்த்தாள். தம் விழாவை இந்த மனிதர் தாமே விட்டுக்கொடுக்கிறார். அப்படியென்றால் எவ்வளவு பயந்திருக்க வேண்டும். அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, சந்தனப் பொடி ஒட்டியிருந்த அவர் விரல்களைத் தன் முந்தானையால் துடைத்துவிட்டாள்.

"என்ற பொண்ணப் பாத்து நாலு மாசமாச்சுங்க," என்றாள். "சண்டையே போடட்டும். ஆனா அவதான் போடோணும்."

பிறகு எழுந்துபோய்ப் பழைய பல்துலக்கும் பிரஷ்ஷையும் ஸ்பிரிட் பாட்டிலையும் கொண்டுவந்து அவர் கையில் கொடுத்தாள். அவர் இன்னொரு முறை குனிந்தார். துளைக்குள் வரிசையாக இருந்த பித்தளைப் பற்களை ஒவ்வொன்றாகத் தேய்த்தார். பச்சையும் மஞ்சளுமாக வந்தது. அவள் டார்ச் பிடித்தாள். இங்க இன்னும் இருக்குதுங்க, அந்த ஓரத்துல பாருங்க என்று சொல்லிக்கொண்டிருந்தாள். கம்பெனியில் அவரை இப்படி வேலை வாங்கியவர் யாரும் உயிரோடு இல்லை. அவள் சொன்னபடியே தேய்த்தார். ஈரம் காய்ந்ததும் முனையைச் செருகி, வேகமானியைத் தொடுத்தார். முள் கடைசிக் கோட்டில் போய் இடித்துக்கொண்டு நின்றது.

அழைப்பு மணி அடித்தது. ஹர்ஷவர்தன் எதிரறை நாற்காலியில் போய் உட்கார்ந்தார்.

எதிரறையில் வெளிச்சம் கூடி உருவமானது. மிதுலா வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள். நாலு மாதமாக அவர்கள் பார்த்தது ஆயுத பூஜைக்கு முன்னால் இருந்த யாழு. இடைநிரப்பிக்கு அந்த யாழுவைத்தான் நன்றாகத் தெரியும். இப்போது உட்கார்ந்திருந்தவள் இளைத்திருந்தாள். முடியைக் கழுத்தோடு வெட்டியிருந்தாள். காதோரம் நரைத்திருந்தது, கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. காதில் கம்மலே இல்லை. சட்டைத் தோளில் யாரோ பிஸ்கட்டைத் தின்றுவிட்டுத் துடைத்த கறை.

அந்த யாரோ அவள் மடியில் உட்கார்ந்திருந்தது.

மூன்று வயதிருக்கும். சுருட்டை முடியை நாலு குடுமியாகக் கட்டியிருந்தது. தெரியாத முகத்தைத் தைக்கத் தெரியாத இயந்திரம் இவ்வளவு நாளும் இதை அப்படியே விட்டுவிட்டுக் காலி மடியைக் காட்டியிருக்கிறது. குழந்தை ஹர்ஷவர்தனைப் பார்த்தது. ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. மடியில் எழுந்து நின்று, இரண்டு கையையும் நீட்டி, "தாத்தா!" என்றது.

அவர் கட்டைவிரல் பழக்கதோஷத்தில் கைப்பிடிக்குப் போனது. 'யாரு பெத்ததோ' என்பதும் பழக்கதோஷத்தில் நாக்கு நுனிவரை வந்தது. நேற்றுவரை அதைப் பிடித்து விழுங்கிவிட்டு நல்லதாக நாலு சொல் அனுப்ப ஓர் இயந்திரம் இருந்தது. இன்றைக்கு நடுவில் யாரும் இல்லை. அவர் என்ன சொல்கிறாரோ அது அப்படியே, எட்டு இழையிலும், அந்தக் குழந்தையின் முகத்தில் போய் விழும்.

"ஏனுங்கப்பா அப்பிடிப் பாக்கறீங்க?" என்றாள் யாழ்மொழி. "போன ஞாயித்துக்கெழம பூரா இவகூடத்தான கொஞ்சீட்டிருந்தீங்க. நான் ஒருத்தி உக்காந்திருந்ததே தெரியல உங்களுக்கு. நீங்க வெச்ச பேரச் சொல்லி நீங்களே கூப்புடுங்க, அப்பத்தான் பால் குடிப்பா."

தாம் வைத்த பெயர் அவருக்குத் தெரியவில்லை. மனைவியைப் பார்த்தார். மேடையில் பேச்சு மறந்துபோகும்போதெல்லாம் முதல் வரிசையிலிருந்து வாயசைத்துக் காப்பாற்றியவள் அவள்.

"தாத்தாவுக்கு உம் பேரச் சொல்லு சாமி, கேப்போம்," என்றாள் மிதுலா.

"நொய்யல்," என்றது குழந்தை.

ஹர்ஷவர்தன் தம் வாழ்நாளில் அதிகம் சொன்ன சொல் 'நான்'. அதை ஒரு குழந்தைக்குப் பெயராக வைக்க முடியாது. அடுத்தபடியாக அதிகம் சொன்னது நொய்யல் ஆறு. எந்த மேடையிலும் அதைத் தொடாமல் அவர் இறங்கியதில்லை. இயந்திரம் வேறென்ன செய்யும்?

"நொய்யலு," என்றார் மெதுவாக. குரல் அவருக்கே புதிதாக இருந்தது. குழந்தை சிரித்தது.

யாழ்மொழி கொஞ்சம் குனிந்து, அம்மாவிடம் சொல்வதுபோல அப்பாவிடம் சொன்னாள். "கோர்ட்டுல அன்னைக்குக் கையெழுத்துப் போடறதுக்கு முன்னால பயமா இருந்துச்சும்மா. வேண்டாம்னு எந்திரிச்சு வந்துரலாமான்னு இருந்துச்சு. அப்பத்தான் அப்பா சொன்னது ஞாபகம் வந்துச்சு. தண்ணி எங்கிருந்து வந்தா என்ன கண்ணு, வந்தாத் தண்ணிதான்னு சொன்னாரில்ல. அதுக்கப்பறந்தான் போட்டேன்."

அது அவர் கம்பெனி ஆழ்துளைப் பம்பின் விளம்பர வாசகம். அவரே எழுதியது. எழுதியபோது அதில் ஒரு குழந்தை பிழைத்துக்கொள்ளும் என்று அவர் நினைக்கவில்லை, குதிரைத்திறனைத்தான் நினைத்தார். மிதுலா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மகள் எதிரில் உட்கார்ந்து அப்பாவை நன்றியோடு பார்த்தாள். அந்தப் பார்வைக்கு உரிய மனிதரைப் போல எப்படி உட்காருவது என்று தெரியாமல் அவர் நாற்காலியில் நிமிர்ந்தார், சாய்ந்தார், மறுபடி நிமிர்ந்தார்.

"தாத்தா, மோட்டார்," என்றது குழந்தை.

"கேக்கறாள்ல, போடுங்கப்பா," என்றாள் யாழ்மொழி, பால் டம்ளரைக் கையில் எடுத்துக்கொண்டு. "எப்பவும் போடறதுதான."

எப்பவும் போடுகிற மோட்டார் எது? இத்தனை நாள் அந்த இயந்திரம் அவரைப் பார்த்து ஊகித்தது. இப்போது அவர் அந்த இயந்திரத்தை ஊகிக்க வேண்டியிருந்தது. நாற்பது வருடம் பம்பு செய்தவர். எந்த மாடல் எப்படிச் சத்தம் போடும் என்று அவருக்குத் தெரியும். முதலில் தம் கம்பெனியின் புது மாடலை எடுத்தார். "ஊஊம்," என்றார், கௌரவமாக, வாயை அதிகம் திறக்காமல். குழந்தை தலையாட்டியது. அது இல்லை. நீர்மூழ்கி மோட்டாரைப் போட்டுப் பார்த்தார். அதுவும் இல்லை. குழந்தையின் உதடு பிதுங்கத் தொடங்கியது. கிணற்றடி ஆயில் இன்ஜின் ஒன்று பாக்கியிருந்தது. அதற்குக் கன்னத்தை உப்ப வேண்டும், தோளைக் குலுக்க வேண்டும், எச்சில் தெறிக்கும். நீர்த்திலகம் செய்கிற காரியமில்லை. அவர் கன்னத்தை உப்பிக்கொண்டு எங்கே தொடங்குவது என்று தயங்கினார்.

"என்னப்பா இன்னைக்கு?" யாழ்மொழி நெற்றியைச் சுருக்கி இந்தப் பக்கம் உற்றுப் பார்த்தாள். "எது கேட்டாலும் லேட்டா வருது உங்ககிட்டருந்து. லைன் ஸ்லோவா?"

வேகமானியின் முள் கடைசிக் கோட்டில் அசையாமல் நின்றிருந்தது. மிதுலா அதைப் பார்த்தாள். அவரும் பார்த்தார். கட்டைவிரலைக் கைப்பிடியிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"ஆமா கண்ணு," என்றார். "இந்தப் பக்கந்தான் கொஞ்சம் ஸ்லோ. செரி பண்ணீட்டிருக்கோம்."